கடலின் பூர்வீகம்: ஒரு ஹைட்ரஜன் கணக்கு

உலகக் கடல்கள் அத்தனையையும் சேர்த்து எடை போட்டால் ஏறக்குறைய 1.4 × 10²¹ கிலோ வரும். பூமியின் மொத்த நிறை 5.97 × 10²⁴ கிலோ. வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோ பூமிக்குக் கால் கிராம் கடல்கூடத் தேறாது. பரப்பில் 71 சதவீதத்தை மூடியிருந்தாலும் கடலின் சராசரி ஆழம் 3,700 மீட்டர்தான். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர்.

அந்தக் கால் கிராம் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. பள்ளியில் பலர் படித்த விடை, ‘வால்மீன்கள் மோதிக் கொண்டுவந்தன’ என்பது. அது பழைய விடை. கடந்த 15 ஆண்டுகளில் வந்த அளவீடுகள் அதைப் பெரும்பாலும் ஓரம் கட்டிவிட்டன. நீரின் பெரும்பகுதி பூமியைக் கட்டிய கற்களோடே வந்தது, கொஞ்சம் தொலைவிலிருந்து வந்த ஈரமான கற்களில் வந்தது, வால்மீன்களின் பங்கு மிகச் சிறிது என்பதே இன்று எடை கூடிய தரப்பு. ஏன் அப்படிச் சொல்கிறார்கள், எதை அளந்து சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில், ஏன் இது ஒரு கேள்வி?

சுமார் 456.7 கோடி ஆண்டுகளுக்கு முன் இளம் சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அங்கே அழுத்தம் மிகக் குறைவு என்பதால் நீர் திரவமாக இருக்க முடியாது. ஆவி அல்லது பனி, இரண்டில் ஒன்றுதான். வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இடத்தில் பனி உருவாகும். அந்த எல்லைக்குப் பனிக்கோடு என்று பெயர். பழைய கணக்குகள் அதைச் சூரியனிலிருந்து 2.7 வானியல் அலகில் (ஓர் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள சராசரித் தொலைவு), அதாவது இன்றைய சிறுகோள் பட்டையின் நடுவில் வைத்தன. தட்டு குளிரக் குளிர அந்தக் கோடு இடம் மாறியிருக்கும். ஆனாலும் பூமி பிறந்த 1 வானியல் அலகு தொலைவில், தொடக்கத் தூசியில் பனி ஒட்டியிருக்க வாய்ப்பு இல்லை.

அப்படியானால் நீர் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது பனியாக இல்லாமல் வேறு வடிவில் கல்லுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். எது என்று பிரித்துச் சொல்ல, நீருக்கு ஊர் அடையாளம் ஒன்று வேண்டும்.

அடையாளம்: கனமான ஹைட்ரஜன்

சாதாரண ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரு புரோட்டான் மட்டும் இருக்கும். சிலவற்றில் கூடவே ஒரு நியூட்ரானும் இருக்கும். அதுதான் டியூட்டீரியம், எடை ஏறக்குறைய இரு மடங்கு. கடல் நீரில் பத்து லட்சம் ஹைட்ரஜனுக்கு 156 டியூட்டீரியம் இருக்கின்றன. ஒரு லிட்டர் நீரில் சுமார் 35 மில்லிகிராம். வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை இதற்கென ஒரு தர நீரைப் பராமரித்து உலக ஆய்வகங்களுக்கு விநியோகிக்கிறது. அதன் மதிப்பு 155.76. கீழே வரும் எண்கள் எல்லாம் இதே அளவுகோலில், பத்து லட்சத்துக்கு இத்தனை என்றே இருக்கும்.

சூரியனை உருவாக்கிய வாயுவில் இந்த எண் 20-ஐ ஒட்டியது. வியாழனுக்குள் 1995 டிசம்பரில் இறங்கிய கலிலியோ ஆய்வுக்கலம் அளந்தது 26. கடலில் மட்டும் ஏழெட்டு மடங்கு கூடியது ஏன்? காரணம் குளிர். நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள மேகங்களில் வெப்பநிலை மைனஸ் 260 டிகிரி அளவுக்குக் கீழே போகும். டியூட்டீரியம் உட்கார்ந்த மூலக்கூறுக்கு ஆற்றல் கொஞ்சம் குறைவு; அது உருவாகும்போது சிறிதளவு வெப்பம் வெளியேறும். மீண்டும் பிரிய அந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடுங்குளிரில் அதற்கு வழியில்லை. எனவே ஒருமுறை ஏறிய டியூட்டீரியம் இறங்காமல் சேர்ந்துகொண்டே போகும். சூரியனுக்கு அருகே வெப்பத்தில் இந்த நீர் ஹைட்ரஜன் வாயுவோடு அணுக்களைப் பரிமாறிக்கொள்ள, எண் மறுபடி குறையும். ஆகவே ஒரு பொருளின் டியூட்டீரியம் விகிதம், அது எவ்வளவு குளிரில் உருவானது என்பதை ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

‘ஓரளவு’ என்பதைக் கவனியுங்கள். இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் பின்னால் திருத்த வேண்டியிருந்தது.

ஒரு விண்கல்லை எப்படி அளக்கிறார்கள்?

கார்பனேசிய காண்ட்ரைட் என்ற வகை விண்கற்களில் களிமண் கனிமங்கள் நிறைய உண்டு. அந்தக் களிமண்ணின் படிக அமைப்புக்குள் நீர் பிணைந்திருக்கிறது; சிலவற்றில் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல். கல்லைப் பிழிந்தால் நீர் வராது. சூடாக்கித்தான் எடுக்க வேண்டும்.

கல் வளிமண்டலத்துக்குள் விழும்போது வெளிப்புறம் உருகிக் கருகிவிடும் என்பதால் உள்பகுதியிலிருந்து சிறு துண்டு எடுக்கிறார்கள். அடுத்து, வெற்றிடத்தில் வைத்து 120 டிகிரி வரை சூடாக்கி மேலே ஒட்டியிருக்கும் நம் ஊர் ஈரத்தை வெளியேற்றுகிறார்கள். இந்தப் படியில்தான் தலைவலி தொடங்குகிறது. வெப்பம் போதாவிட்டால் பூமியின் ஈரம் மிஞ்சி, எல்லாக் கற்களும் ‘பூமியைப் போலவே’ இருப்பதாகக் காட்டும். கூடினால் களிமண் தளர்வாகப் பிடித்திருக்கும் சொந்த நீரும் சேர்ந்து போய்விடும். 1864-இல் பிரான்சில் விழுந்த ஒர்கேய் கல் இதற்குப் பேர்போன உதாரணம். அருங்காட்சியகத்தில் ஒன்றரை நூற்றாண்டாக, மழைக்காலத்து உப்பு ஜாடி போல ஈரம் உறிஞ்சி, உள்ளுக்குள் புதிய சல்பேட் உப்புகளே வளர்ந்துவிட்டன.

பிறகு துண்டை, கண்ணாடிக் கார்பன் துகள் நிரப்பிய உலையில் 1,400 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். நீர் உடைந்து ஹைட்ரஜன் வாயுவாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். ஹைட்ரஜன், மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவிக்குள் போகும். இரண்டு சாதாரண அணுக்கள் சேர்ந்த மூலக்கூறின் நிறை 2. ஒன்று டியூட்டீரியமாக இருந்தால் 3. இரண்டையும் எண்ணி வகுத்தால் விடை வந்துவிடும் போலத் தோன்றும். வராது. கருவிக்குள் அயனியாக்கும்போது மூன்று சாதாரண ஹைட்ரஜன்கள் ஒட்டிக்கொண்டு நிறை 3 உள்ள அயனியாக மாறுகின்றன. டியூட்டீரியமே இல்லாமல் டியூட்டீரியக் கணக்கு ஏறும்! வாயு அழுத்தம் கூடக் கூட இந்தப் போலி எண்ணிக்கையும் கூடும். அதனால் வெவ்வேறு அழுத்தங்களில் ஒரே வாயுவை அளந்து, எவ்வளவு கழிக்க வேண்டும் என்று அடிக்கடி சரிபார்க்கிறார்கள்.

இன்னொரு தொல்லை, முந்தைய மாதிரியின் நீர் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரியில் கலப்பது. எனவே ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டி முதல் சில அளவுகளைத் தள்ளிவிடுவது வழக்கம். அளவுகோலின் இரு முனைகளையும் பிடிக்க, கடல் தர நீரோடு அண்டார்க்டிகப் பனியிலிருந்து எடுத்த இலேசான தர நீரையும் (மதிப்பு சுமார் 89) ஓட்டுவார்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் வரும் எண் கல்லின் ஒட்டுமொத்தச் சராசரிதான். கல்லில் நீர் மட்டும் இல்லை. தார் போன்ற கரிமப் பொருளும் இருக்கிறது, அதிலும் ஹைட்ரஜன் உண்டு, அதில் டியூட்டீரியம் மிக அதிகம். இரண்டையும் பிரிக்க 2012-இல் வெளியான ஓர் ஆய்வு அழகான வழியைக் கையாண்டது. ஒரே வகைக் கற்கள் பலவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் கார்பன் எவ்வளவு, டியூட்டீரியம் எவ்வளவு என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். புள்ளிகள் ஒரு கோட்டில் அமைந்தன. அந்தக் கோட்டைக் கார்பன் பூஜ்யம் ஆகும் இடம் வரை நீட்டினால் கிடைப்பது கரிமப் பொருள் நீங்கலான நீரின் எண். அது கடலைவிடக் குறைவாக வந்தது. அதாவது கடலோடு ஒத்துப்போவது இந்தக் கற்களின் நீர் மட்டும் அல்ல. நீரும் கரிமப் பொருளும் சேர்ந்த முழுக் கல். கல் மோதி ஆவியாகும்போது எல்லா ஹைட்ரஜனும் கலந்துவிடும் என்பதால் பூமிக்குப் பொருந்துவதும் அந்த முழு எண்தான்.

ஈரக் கலப்பு இல்லாமல் கல்லைப் பெற ஒரே வழி, விழுந்த உடனே எடுப்பது. 2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் விஞ்ச்கோம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் விழுந்த கல்லின் பெரும்பகுதி மறுநாள் காலையிலேயே சேகரிக்கப்பட்டது. அதில் நீர் எடையில் சுமார் 11 சதவீதம். டியூட்டீரியம் விகிதம் கடலுக்கு மிக நெருக்கம். அதைவிட உத்தரவாதமான வழி, சிறுகோளுக்கே போய் அள்ளிவந்து, நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் திறப்பது. ஜப்பானின் ஹயபுசா-2 ரியுகு சிறுகோளிலிருந்து 2020 டிசம்பரில் 5.4 கிராம் கொண்டுவந்தது. எண் 165-ஐ ஒட்டியது. பிழை வரம்பு 19 என்பதால் கடலும் அதற்குள் அடங்கும். நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் பென்னுவிலிருந்து 2023 செப்டம்பரில் 121.6 கிராம் கொண்டுவந்தது. மூடியின் 35 திருகுகளில் இரண்டு கழலாமல், அவற்றைக் கழற்றப் புதிதாகக் கருவி செய்து முடிக்க 2024 ஜனவரி ஆகிவிட்டது. காத்திருந்ததற்குப் பலன் இருந்தது: உப்புநீர் வற்றும்போது அடுத்தடுத்துப் படியும் சோடியம் கார்பனேட், சாப்பாட்டு உப்பு போன்ற கனிமங்கள் அந்த மாதிரியில் கிடைத்தன. பென்னுவின் தாய்க்கோளுக்குள் ஒரு காலத்தில் திரவ நீர் தேங்கி, வற்றியிருக்கிறது.

வால்மீன் நீரை எட்ட நின்று அளப்பது

வால்மீன் சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி ஒரு மேகமாகச் சூழும். அந்த ஆவியில் டியூட்டீரியம் ஏறிய நீர் மூலக்கூறு 509 கிகாஹெர்ட்ஸில் ஒரு தனிக் கோட்டை உமிழும். ஒப்பிடச் சாதாரண நீரின் கோடும் வேண்டும். ஆனால் சாதாரண நீர் அங்கே அவ்வளவு அடர்த்தி, உள்ளிருந்து வரும் ஒளியை வெளியில் இருக்கும் நீரே விழுங்கிவிடும். கோட்டின் பிரகாசத்தை வைத்து அளவைச் சொல்ல முடியாது. அதனால் கன ஆக்சிஜன்-18 உள்ள நீரின் 548 கிகாஹெர்ட்ஸ் கோட்டை அளந்து, 500-ஆல் பெருக்குகிறார்கள், ஏனெனில் சுமார் 500 ஆக்சிஜனில் ஒன்றுதான் அந்தக் கனரகம். இந்தப் பெருக்கல் எண்ணில் பிழை இருந்தால் விடையிலும் அப்படியே இருக்கும்.

பூமியின் காற்றில் உள்ள நீராவி இதே கோடுகளை மறைக்கும். ஹெர்ஷல் தொலைநோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தது. சோஃபியா தொலைநோக்கி ஒரு போயிங் 747-இல் ஏறி, 12 கிலோமீட்டருக்கு மேலே பறந்து பார்த்தது.

முதலில் ஹாலி (1986), ஹயகுடாகே (1996), ஹேல்-பாப் (1997) மூன்றும் 300-ஐ ஒட்டி, கடலைப்போல இரு மடங்கு காட்டின. ‘வால்மீன் இல்லை’ என்றார்கள். 2011-இல் ஹெர்ஷல் ஹார்ட்லி-2 வால்மீனில் 161 அளந்தது. ‘வால்மீன்தான்’ என்று செய்தி வந்தது. 2014-இல் ரொசெட்டா விண்கலம் 67பி வால்மீன் அருகிலேயே நின்று 530 அளந்தது. மறுபடி ‘இல்லை’. 2018 டிசம்பரில் சோஃபியா விர்டானன் வால்மீனில் மீண்டும் 161 கண்டது, ஆனால் பிழை வரம்பு பெரிது.

ரொசெட்டாவின் அளவீடு எளிதானதல்ல. டியூட்டீரியம் ஏறிய நீரின் நிறை எண் 19; ஆக்சிஜன்-17 கொண்ட சாதாரண நீருக்கும் 19. இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் அலகில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. கருவி காட்டும் ஒரே மேட்டுக்குள் இரண்டும் ஒளிந்திருக்கும். வடிவத்தைப் பொருத்திப் பார்த்துப் பிரிக்க வேண்டும். 2024-இல் 67பி தரவுகள் 16,000-க்கும் மேற்பட்டவற்றை மறுபடி அலசியபோது வேறொரு சிக்கல் தெரிந்தது. டியூட்டீரியம் ஏறிய நீர் தூசித் துகள்களில் அதிகம் ஒட்டிக்கொள்ளும்; துகள் வால்மீனைவிட்டு வெளியேறிச் சூடாகும்போது அது ஆவியாகி, கலத்தைச் சுற்றியுள்ள எண்ணை ஏற்றிவிடும். தூசி காய்ந்த தொலைவில், ஏறக்குறைய 120 கிலோமீட்டருக்கு அப்பால், எண் குறைந்து கடல் பக்கம் வருகிறது. ஆகவே வால்மீன் எண் எதைப் பார்த்தாலும், எவ்வளவு தூசியில், எவ்வளவு தொலைவில் அளந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

அப்படியானால் வால்மீன்களை ஏன் தள்ளுகிறார்கள்?

டியூட்டீரியம் ஒத்துப்போனாலும் மந்த வாயுக்கள் ஒத்துப்போகவில்லை. 67பி-யில் ரொசெட்டா ஆர்கான், கிரிப்டான், செனான் மூன்றையும் அளந்தது. கடும் பனியில் இவை நிறைய அடைபட்டிருக்கும். அப்படிப்பட்ட பனி ஒரு கடல் அளவு வந்திருந்தால் நம் காற்றில் இன்று இருப்பதைவிடப் பல மடங்கு ஆர்கான்-36 இருக்க வேண்டும். இல்லை. பின்னோக்கிக் கணக்கிட்டால், காற்றிலுள்ள செனானில் ஐந்தில் ஒரு பங்கு வால்மீன் தந்திருக்கலாம். நீரில் அதன் பங்கு ஒரு சதவீதத்தைத் தாண்டாது. என் பார்வையில் இந்த விவாதத்திலேயே உறுதியான வாதம் இதுதான், ஏனெனில் இது ஒரே ஒரு விகிதத்தை நம்பி நிற்கவில்லை.

அளவுக் கணக்கும் உதவும். 67பி-யின் நிறை 10¹³ கிலோ. பாதி நீர் என்று தாராளமாக வைத்தால் ஒரு கடலுக்கு 28 கோடி வால்மீன்கள் வேண்டும். பத்து சதவீத நீருள்ள கார்பனேசியக் கல் என்றால் பூமி நிறையில் 0.23 சதவீதம் போதும். அது நிலாவின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு. இன்றைய சிறுகோள் பட்டை மொத்தமும் நிலாவின் 3 சதவீதம்தான் என்பதால் அன்றைய பட்டை பலமடங்கு கனமாக இருந்திருக்க வேண்டும். கோள் உருவாக்க மாதிரிகளில் அது சாத்தியமே. வியாழன் வளரும்போது தன்னைச் சுற்றியிருந்த கற்களை உள்ளே சிதறடிக்கும்.

உலர்ந்த கல் என்று நினைத்தது

பூமியின் ஆக்சிஜன், டைட்டானியம், குரோமியம் ஐசோடோப்புகளுக்கு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளுக்கு) மிக நெருங்கிப் பொருந்துபவை என்ஸ்டடைட் காண்ட்ரைட்டுகள் என்ற விண்கற்கள். சூரியனுக்கு அருகே உருவானவை, உலர்ந்தவை என்று யாரும் அவற்றில் நீர் தேடவில்லை. 2020-இல் பிரான்சின் நான்சி நகர ஆய்வுக் குழு 13 கற்களைச் சோதித்தது. அவற்றின் ஹைட்ரஜனை நீராகக் கணக்கிட்டால் எடையில் 0.08 முதல் 0.5 சதவீதம். குறைவாகத் தெரிகிறதா? பூமி முழுக்க இதே கல்லால் கட்டப்பட்டிருந்தால் குறைந்தது மூன்று கடலுக்கு வரும். டியூட்டீரியம் விகிதமும் பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள கவசப் பாறைகளோடு ஒத்துப்போகிறது.

உடனே வரும் சந்தேகம்: அது பூமியின் ஈரம்தானோ? 2025-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு அண்டார்க்டிகாவில் கிடைத்த ஒரு கல்லை எக்ஸ்-கதிர் கொண்டு பார்த்தது. ஹைட்ரஜன், கந்தகத்தோடு பிணைந்து கல்லின் நுண்பொடிப் பகுதியில் இருந்தது. துருவும் விரிசலும் உள்ள இடங்களில், அதாவது பூமியின் நீர் புகுந்த இடங்களில், ஏறக்குறைய இல்லவே இல்லை. வெளியிலிருந்து வந்திருந்தால் நேர்மாறாக இருந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாம் எல்லாவற்றையும் ஒப்பிடும் 156 என்ற எண்ணே பூமியின் முழு நீரின் எண் அல்ல. கனடாவின் பாஃபின் தீவு எரிமலைப் பாறைகளில், ஆழத்திலிருந்து வந்த படிகங்களுக்குள் எண் கடலைவிடத் தெளிவாகக் குறைவு. பிரேசிலின் ஜுயீனாவில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் சிக்கியிருந்த ரிங்வுடைட் கனிமத்தில் எடையில் ஒன்றரை சதவீதம் அளவுக்கு நீர் இருந்தது (2014). அது ஏறக்குறைய 520 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்துக் கனிமம். மேலும், இலேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பும்போது டியூட்டீரியம் பின்தங்கும். வெள்ளிக் கோளில் இந்த விகிதம் பூமியைப்போல நூறு மடங்குக்கு மேல். செவ்வாயில் ஐந்தாறு மடங்கு. பூமியின் கடலும் தொடக்கத்தில் சற்றே கீழிருந்து ஏறியிருக்கலாம்.

எப்போது தேங்கியது?

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் மலையில் கிடைக்கும் சிர்கான் என்ற கனிமத்தின் துகள்கள் மணல் அளவுதான். அவற்றில் மிகப் பழையது 440 கோடி ஆண்டு. யுரேனியம் ஈயமாகச் சிதைவதை வைத்துத் தேதி எடுத்தார்கள். அதே துகள்களில் ஆக்சிஜன்-18 அளந்தால், கவசத்திலிருந்து நேராக வந்த சிர்கானைவிடக் கூடுதல். அப்படிக் கூட, ஒரு பாறை முதலில் மேற்பரப்பில் குளிர்ந்த திரவ நீரோடு ஊறி, பின் புதைந்து உருக வேண்டும். சிர்கானுக்குள் யுரேனியக் கதிர்வீச்சு படிகத்தைச் சிதைத்தால் விரிசல் வழியே பிற்காலத்து நீர் புகுந்து எண்ணைக் கெடுக்கும். அதனால் எலக்ட்ரான் கற்றையில் ஒளிரவைத்துப் படமெடுத்து, வளர்ச்சி வளையங்கள் கலையாத இடத்தில் மட்டும் அயனிக் கற்றையைப் பாய்ச்சுகிறார்கள். இந்தச் சான்று நின்றால், பூமி பிறந்து இருபது கோடி ஆண்டுக்குள் திரவ நீர் இருந்திருக்கிறது. மிகப் பிந்தி வந்த மழைபோன்ற மோதல்கள் கடலைத் தந்தன என்ற கதைக்கு நேரம் போதாது.

இன்னும் எண் கிடைக்காத ஒரு வகை பாக்கி இருக்கிறது. சிறுகோள் பட்டைக்குள்ளேயே சுற்றியபடி வால்மீன்போல ஆவி விடும் பொருட்கள். 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 238பி என்ற அத்தகைய ஒன்றில் நீராவியைக் கண்டது. வழக்கமான வால்மீன்களில் இருக்கும் கார்பன் டைஆக்சைடு அங்கே தென்படவில்லை. பனிக்கோட்டை ஒட்டிய பனி இதுவாக இருக்கலாம், ஆனால் ஆவி மிக மெலிது என்பதால் டியூட்டீரியத்தைத் தொலைவிலிருந்து பிடிக்க முடியாது. சீனாவின் தியான்வென்-2 கலம் 2025 மே மாதம் கிளம்பியது. முதலில் கமோவலேவா சிறுகோளில் மாதிரி எடுத்து அனுப்பிவிட்டு, 2035 வாக்கில் 311பி என்ற பட்டை வால்மீனை அடைவதுதான் அதன் திட்டம்.